கேளாமல் வைத்த தட்டு

நான் சுடுகிற அன்று என் வடை நல்ல வடை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு அதற்கு நடக்கிறதெல்லாம் என் மனிசன் கதிர்காமநாதனின் வேலை. ஒரு வடையை எறியச் சொன்னால், காதைக் கழற்றித் தரச் சொன்னது மாதிரிப் பார்ப்பார்.

இரணைமடுக் குளத்துக்குப் போகிற சந்தியில் எங்கள் தேத்தண்ணிக்கடை. நான் குசினி அடுப்படியில் நிற்பேன், அவர் முன்னால் நிற்பார். எங்கள் பக்கத்துக் கடைகளின் வழக்கம் தெரியும்தானே. தேத்தண்ணி என்று வாய் திறந்தால் போதும், கேளாமலே ஒரு தட்டு நிறைய வடையும் வாழைப்பழம் பிசைந்து சுட்ட வாய்ப்பனும் மேசைக்கு வரும். தின்றதற்குக் காசு. மிச்சம் திரும்பக் கண்ணாடி அலுமாரிக்குப் போகும், அடுத்து வருகிற ஆளுக்கு அதே தட்டு வரும். மற்றக் கடைகளில் பின்னேரத்தோடு அந்தச் சுற்று முடிந்துவிடும். எங்கள் கடையில் முடியாது.

வாடிக்கைக்காரர் சும்மா இருக்கவில்லை. ஆண்டியப்பன், எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டிலிருந்து வந்து இங்கே வயல் வேலை செய்கிறவன், தட்டைப் பார்த்துக் கும்பிடு போடுவான். "அண்ணே, இந்த வடைய நான் திங்கக்கெழமையே பார்த்தேனே. சொகமா இருக்குதா?" என்பான். முல்லைத்தீவிலிருந்து சைக்கிளில் கருவாடு கொண்டுவருகிற கச்சு முகம்மது நானா, வாய்ப்பனைப் பிய்த்து மணந்து பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பார். இவருக்கு, என் மனிசனுக்கு, எல்லாவற்றுக்கும் ஒரே மறுமொழிதான். "இண்டைக்குச் சுட்டது, இண்டையான். விருப்பமெண்டால் சாப்பிடுங்கோ."

எண்பத்தெட்டில் சந்திக்கு அங்கால் இந்திய ஆமி காம்ப் போட்டது. காம்புக்குக் கூட்டிக்கொண்டு போனால் திரும்பி வருகிறது அவரவர் தலையெழுத்து என்று சனம் குசுகுசுத்த காலம். ஒருநாள் காலமை ஐந்து பேர் துவக்குகளோடு வந்து மர வாங்கில் இருந்தார்கள். டீ என்றார்கள். இவருக்குப் பயம். ஆனால் பழக்கம் விடுமா? தட்டைக் கொண்டுபோய் வைத்துவிட்டார். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள், பிறகு தின்றார்கள். மீசை முளைக்காத ஒரு பொடியன் அரைவாசித் தட்டைத் தனியாக முடித்தான். காசை நீட்டியபோது இவர் பயத்தில், "வேண்டாம் ஐயா" என்று கையெடுத்துக் கும்பிட்டார். ஒரு சதத்தையும் விடாத மனிசன்.

மத்தியானம் திரும்பி வந்தார்கள். இப்போது இரண்டு வாகனம், ஒரு அதிகாரி. அந்தப் பொடியன் காம்பில் வயிறு பிரட்டிச் சத்தியெடுத்துச் சத்தியெடுத்து மயங்கிக் கிடக்கிறானாம். தமிழ் தெரிந்த சிப்பாய் ஒருவன்தான் கேள்வி கேட்டான்.

"கேக்காமலே எதுக்குய்யா தட்டு வச்சே?"

"இஞ்சத்தை வழக்கம் ஐயா."

"காசும் வேணாம்னே. அதுவும் வழக்கமா?"

இவர் துண்டை எடுத்து மேசையைத் துடைக்கத் தொடங்கினார்.

"என்ன கலந்தே?"

"ஒண்டும் இல்லை ஐயா. எல்லாம் இண்டையான் சாமான்."

நான் குசினிக் கதவடியில் நின்று கேட்டேன். பழக்கத்தில் நாக்குச் சொல்லிவிட்டது, பாருங்கோ. இன்றைய சாமான் தானாகப் பழுதாகாது, அப்போது அதில் எதையோ கலந்திருக்கிறார் என்றுதானே கணக்கு வரும்.

சிப்பாய் வாங்கில் இருந்த ஆண்டியப்பன், கச்சு நானா பக்கம் திரும்பி, இந்தக் கடை எப்படி என்று கேட்டான். ஆண்டியப்பன் தலைத்துண்டை அவிழ்த்துக் கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டு எழும்பினான்.

"நல்ல கடைங்க. பத்து வருசமா திங்கிறேன், ஒரு கொறை கெடையாதுங்க."

"சுத்தமான கடை சேர்," என்றார் கச்சு நானா. "எப்பவும் சுடச்சுடத்தான் தருவினம்."

அடப் பாவிகளே. பத்து வருசம் என் காது புளிக்கப் புளிக்கக் குறை சொன்ன வாய்களுக்கு இன்றைக்குத்தானா எங்களைப் புகழ நேரம் வந்தது? இவரைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துத்தான் சொன்னார்கள். அதனால் அவர்களைத் திட்டவும் முடியவில்லை.

சிப்பாய் அதிகாரிக்குத் தங்கள் பாஷையில் சொன்னான். அதிகாரி தலையாட்டினார். சிப்பாய் திரும்பினான். "பத்து வருசமா நல்ல சாமான். இன்னிக்கு மட்டும் எப்படிய்யா கெட்டுது? எங்களுக்குன்னு தனியா செஞ்சியா?"

இரண்டு பேர் இவரின் தோளில் பிடித்தார்கள். இடுப்பில் கட்டிய சாரம் நழுவப் பார்த்தது. ஒரு கையால் அதைப் பொத்திப் பிடித்துக்கொண்டு இவர் வாகனத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்னொருமுறை பார்க்க விரும்பவில்லை. எனக்கும் பயம்தான். ஆனாலும் வெளியே வந்துவிட்டேன்.

"பொய் ஐயா. எல்லாரும் பொய் சொல்லினம். இது முந்தாநாளையான் சாமான். சுட்டது நான். இவர் எறியாமல் வைச்சு வைச்சு விக்கிறவர். ஆண்டியப்பன், நேற்று இந்த வாங்கில இருந்து என்ன சொன்னனீ? அதைச் சொல்லு."

"வேணாங்க அக்கா."

"சொல்லு. இல்லாட்டி இவரைக் கொண்டுபோகப் போறாங்கள்."

ஆண்டியப்பன் துவக்கைப் பார்த்தான், இவரைப் பார்த்தான். "வந்துங்க... பழசுங்க."

"எவ்வளவு பழசு?" என்றான் சிப்பாய்.

"கணக்குச் சொல்ல முடியாதுங்க. சிலது எனக்கு மொகம் தெரியுங்க."

அதற்குப் பிறகு கச்சு நானாவுக்கும் வாய் திறந்தது. வடை நூல் விடும் என்றார். போன மாதம் தனக்கு வயிற்றால் போய், இரண்டு நாள் சைக்கிள் ஏறவில்லை என்றார். தேத்தண்ணி பழந்துணி மணக்கும் என்றும் சொன்னார். அதை நான் சொல்லச் சொல்லவில்லை. இருந்தாலும் நானா சொல்லட்டும், இன்னும் சொல்லட்டும் என்று இருந்தது எனக்கு.

சிப்பாய் அலுமாரியைத் திறந்து ஒரு வடையை எடுத்து இரண்டாகப் பிய்த்தான். நூல் விட்டது. மணந்து பார்த்து அதிகாரியிடம் நீட்டினான். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"உன் வாயால சொல்லு," என்றான் இவரிடம். "பழசா, இல்லியா?"

இவர் பேசவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். பழசைக் கொடுத்ததற்கே சுட்டுவிடுவார்கள் என்ற பயம் ஒன்று. பிறந்ததிலிருந்து ஒருத்தருக்கும் தலை குனியாத வீம்பு மற்றது. அதிகாரி மணிக்கூட்டைப் பார்த்தார்.

"கோதாரி விழுந்த மனிசா, சொல்லித் துலையுங்கோவன்," என்றேன். அழுதுகொண்டுதான் சொன்னேன்.

"ஓம் ஐயா," என்றார். "பழசு."

அதிகாரி சிரித்தார். அவர் சிரித்ததும் சிப்பாய்களும் சிரித்தார்கள். பயத்தில் ஆண்டியப்பனும் சிரித்தான், கச்சு நானாவும் சிரித்தார். நானும் சிரித்தேன். சாரத்தைப் பிடித்தபடி நடுவில் நின்ற இவர் மட்டும் சிரிக்கவில்லை. தோளில் இருந்த கைகளை எடுத்தார்கள்.

வாகனத்தில் ஏறப்போன சிப்பாய் திரும்பி, "ராத்திரிக்குள்ள அந்தப் பையனுக்கு ஏதாச்சும் ஆச்சு, காலைல வந்து உன்னைத் தூக்குவோம். எங்கயும் போகாதே," என்றான்.

வாகனங்கள் போனதும் மற்ற இருவரும் இவரின் முகத்தைப் பாராமல் எழும்பிப் போனார்கள். இவர் வாங்கில் இருந்து சாரத்தை இறுக்கிக் கட்டினார்.

"முந்தாநாளையான் எண்டு ஏன் சொன்னனீர்? அது நேற்றையான்."

"உயிர் போகப் பாக்குது. இவருக்கு இப்ப நேற்றும் முந்தாநாளும்."

"நேற்றையான்," என்றார். பிறகு எழும்பி அலுமாரிக் கதவைச் சாத்தினார்.

பெயர் தெரியாத ஒரு பிள்ளையின் வயிற்றுக்காக நான் அன்று சந்திப் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தேன். அவன் செத்தால் என் மனிசனும் செத்தார் என்பதால்தான் வைத்தேன், பெரிய மனசால் இல்லை. றோட்டில் வாகனம் இரையும்போதெல்லாம் இவர் எழும்பி இருந்தார், நானும் இருந்தேன்.

விடிந்ததும் அவர்கள் வரிசையாக நடந்து வந்தார்கள். இவர் அலுமாரிக்குப் பின்னால் போய்விட்டார். நான் வாசலில் நின்று ஒவ்வொரு முகமாகத் தேடினேன். இல்லை, இல்லை, இதுவும் இல்லை. கடைசியில் வந்தான். உதடு காய்ந்து, முகம் வெளிறி, ஆனால் துவக்கைத் தோளில் போட்டு நடந்துதான் வந்தான். எங்கள் கடையைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டு விறுவிறு என்று போனான். நான் அப்படியே படியில் இருந்துவிட்டேன். என் வயிற்றுப் பிள்ளை பிழைத்து எழும்பினால் எப்படி அழுவேனோ, அப்படி அழுகை வந்தது.

"அந்தப் பொடியனோ?" என்று உள்ளேயிருந்து கேட்டார்.

"ஓம். நடந்து போறான்."

பிறகு, "பாத்தீரே? முந்தாநாளையான் எண்டால் இண்டைக்கு எழும்பி நடப்பானோ?" என்றார். அவர் பிடித்திருந்த அலுமாரிக் கண்ணாடி கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

நல்ல மறுமொழி ஒன்று என் வாய் வரைக்கும் வந்தது. அதை விழுங்கினேன்.

"ஓமப்பா," என்றேன். "நேற்றையான்தான்."