விரலா, கதவா

ஜெசிந்தா நூறு தடவைக்கு மேல் கதவைத் திறந்து மூடிவிட்டதால், திரும்பச்செய்தல் தடுப்பு அலுவலகத்திலிருந்து சுத்தியலோடு ஆள் வந்தார். போன மாதமே அவர் எதிர்வீட்டுக்கு வந்து போயிருந்தார்.

அவளுக்கு ஏழு வயது. ஆட்டிசம். பேச்சு வரவில்லை. கதவு சட்டத்தில் பொருந்தும்போது மட்டும் முகம் தெளியும். அப்பா தேவசகாயம் அதட்டிப் பார்த்தான். கையைக் கட்டிப் பார்த்தான். அன்று காலை அறைந்தும் விட்டான். கன்னத்தில் நான்கு விரல்களும் பதிந்திருந்தன.

ஊழியர் படிவத்தை நீட்டினார். "எத ஒடைக்கணும்? பிள்ளையோட விரலா, கதவா?"

தேவசகாயம் யோசித்தான். பிறகு, "கதவு" என்றான்.

மூன்றே அடி. கதவு விறகானது. ஜெசிந்தா பீரோவுக்குப் போனாள். ஊழியர் பீரோவை நொறுக்கினார். அவள் ஜன்னலுக்குப் போனாள். கண்ணாடி தெறித்து ஊழியரின் நெற்றியைக் கிழித்தது. அவர் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, ஃப்ரிட்ஜ் எங்கே என்று கேட்டார்.

கை ஓய்ந்ததும் சுத்தியலைத் தேவசகாயத்திடம் கொடுத்தார். பெற்றோர் உதவலாம் என்று விதி இருந்தது. முதல் அடியைத் தயங்கித்தான் அடித்தான். அதன்பின் பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தான். அலமாரி, குளியலறைக் கதவு, இட்லிச் சட்டி. அடித்த அடியில் கூரையின் ஒரு பக்கம் சரிந்து அவன் மனைவி புஷ்பத்தின் தோளை முறித்தது.

அவள் கீழே கிடந்தபடியே சொன்னாள். "என்னங்க, அவளப் பாருங்க. ஒருக்கா பாருங்க."

திறக்க எதுவும் மிச்சமில்லை. ஜெசிந்தா சுவரில் தலையை மோதிக்கொண்டிருந்தாள். சுவர் சிவந்திருந்தது. ஒவ்வொரு மோதலுக்கும் வெளியே தெரு ஓரடி சாய்ந்தது.

தேவசகாயம் சுத்தியலைக் கீழே போட்டான். அவள் நெற்றிக்கும் சுவருக்கும் நடுவே உள்ளங்கையை வைத்தான். அவள் மோதினாள். மறுபடி மோதினாள். பிறகு அந்தக் கையை இறக்கி, விரல்களை மடக்கினாள். விரித்தாள். மடக்கினாள்.

தெரு அதற்குமேல் சாயவில்லை.

"கையும் தெறந்து மூடுற பொருள்தான்" என்று ஊழியர் சுத்தியலை எடுத்தார்.

"தெரியும் சார்" என்றான் தேவசகாயம். மகளின் விரல்களை விலக்கிவிட்டு, வலது கையைத் தரையில் வைத்தான்.

இரண்டு அடி. அவன் இடது கையை மகளிடம் நீட்டினான்.

ஊழியர் படிவத்தில் ஒரு பக்கம் திருப்பினார்.

புஷ்பம் தரையோடு ஊர்ந்து வந்து, முறியாத பக்கத்துக் கையை அவன் கைக்கு அடுத்ததாக வரிசையில் வைத்தாள்.