முன்பக்கம், இடது சக்கரம்

"மெக்கானிக் கடைக்கே அனுப்பியிருக்கலாம்" என்று தோமானியா காலையில் ஒரு தடவைதான் சொன்னாள்.

"நாலு சக்கரத்தைக் கழட்டி நாலு சக்கரத்தை மாட்ட மெக்கானிக்கா?" ஜாக்கியை வண்டிக்கடியில் தள்ளிக்கொண்டே கேட்டார் அவள் கணவர் மிலிசாவ். "ஆயில் மாத்தறது நான், பிரேக் கட்டை மாத்தறது நான். செங்கா இந்த வண்டியை வாங்கின நாள்லேருந்து வேற ஒருத்தன் கை இதுமேல பட்டதில்ல."

அன்றைக்குப் பட்டது. செர்பியாவின் ஊஷிட்சே நகரத்தில் அடுக்குமாடி முற்றத்தில் ஒருவர் ஜாக்கியை வெளியே எடுத்தால் போதும், பக்கத்து வீட்டு ஆண்கள் வீட்டுச் செருப்போடு இறங்கி வந்துவிடுவார்கள். முதலில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற டெசிமிர் வந்தார். பின்னாலேயே ஓப்ரென், கையில் சிகரெட்டும் வாய் நிறைய யோசனையுமாக.

"முதுகு வலிக்காரன் எதுக்குக் குனியறே? நகரு."

"நீ பஸ்ஸை ஓட்டினவன் டெசிமிர், பஸ்ஸோட சக்கரத்தைக் கழட்டினவன் இல்ல."

மலையில் மறுநாள் பனி விழும் என்று ரேடியோ சொல்லியிருந்தது. மகள் செங்காவுக்கு மலைமேல் ஸ்லாட்டிபோர் மருத்துவமனையில் வேலை. கைக்குழந்தை வூக்கனோடு அவள் மத்தியானமே மலையேற வேண்டும். அதனால்தான் பனியில் வழுக்காத பனிக்கால டயருக்கு இத்தனை அவசரம்.

மிலிசாவ் சக்கரத்தை மாட்டி போல்ட்டுகளைக் கையால் திருகுவார். ஜாக்கியை இறக்கி, சக்கரம் தரையில் ஊன்றியதும், யாராவது ஒருவர் நீளக் கைப்பிடி ஸ்பேனரால் இறுக்குவார். வலது பக்கம் இரண்டும் அப்படித்தான் முடிந்தன. மூன்றாவதை இறக்கியபோது தோமானியா காபியும் ரக்கியா சாராயமும் கொண்டு வந்து தட்டை பானெட்டின் மேல் வைத்தாள். குடித்தார்கள், தேர்தலைத் திட்டினார்கள், நாலாவதுக்குப் போனார்கள்.

செங்கா குழந்தையைப் பின் சீட்டில் கட்டினாள், அப்பாவை முத்தமிட்டாள், கிளம்பிப் போனாள்.

அடுத்து டெசிமிரின் கார். முன் சக்கரங்கள் இரண்டும் கழன்று புல்லில் கிடந்தன. தோமானியா காபிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"இதையும் நீயே இறுக்கிடு ஓப்ரென், அப்ப மாதிரி" என்றார் மிலிசாவ்.

"எப்ப மாதிரி?"

"செங்கா வண்டில, முன்பக்கம் இடது. காபி குடிச்சதும்."

"அதை டெசிமிர்தானே இறுக்கினான்."

"நானா? நான் கழுவப் போயிட்டேன். கை பூரா கிரீஸ்."

தோமானியா கோப்பைகளைக் கீழே வைத்தாள். "யார்தான் இறுக்கினீங்க?"

டெசிமிர் ஓப்ரெனைக் காட்டினார், ஓப்ரென் மிலிசாவைக் காட்டினார்.

"மிலிசாவ், நல்லா நினைச்சுப் பாரு."

"காபி குடிச்சேன். எழுந்தேன். நாலாவதுக்குப் போனேன்."

"நடுவுல?"

"நடுவுலதான் இவங்க ரெண்டு பேரும் இருந்தாங்களே."

அவள் ஏப்ரனிலிருந்து போனை எடுத்தாள். "அடிக்காதே" என்றார் மிலிசாவ். "வளைவுல போன் அடிச்சு அவ திரும்பிப் பாத்தா?" அவள் அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. குழந்தை தூங்கினால் செங்கா போனைச் சத்தமில்லாமல் வைத்துவிடுவாள் என்பது தோமானியாவுக்குத் தெரியும்.

"துரத்திப் போங்க. ஓப்ரென், உன் வண்டியை எடு."

"பேட்டரி வீட்டுக்குள்ள சார்ஜ்ல கிடக்கு."

டெசிமிர் தன் காரைப் பார்த்தார். அது ஜாக்கியில் நின்றது.

"ஒருவேளை நான்தான் இறுக்கினேனோ என்னவோ" என்று ஓப்ரென் இழுத்தார்.

"என் முகத்தைப் பாத்துச் சொல்லு."

அவர் சிகரெட்டைப் பார்த்தார்.

தோமானியாவுக்கு ஸ்தோய்காவின் ஞாபகம் வந்தது. மலைப்பாதையில், பெரிய வளைவுகள் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் சீஸ் விற்பவள். பள்ளிக்கூடத்தில் இவள் பக்கத்தில் உட்கார்ந்தவள்.

"ஸ்தோய்கா, கடையிலதான் இருக்கியா?"

"வேற எங்க இருப்பேன்? உனக்கு எவ்வளவு வேணும், பழசா புதுசா?"

"சீஸ் வேண்டாம்டி. செங்கா வருவா, நீலக் கார். போயிட்டாளா?"

"நான் பாக்கல. எதுக்கு?"

"சக்கரம் இறுக்காம போறா. நிறுத்து அவளை."

"நிக்கலைன்னா?"

"ரோட்டுல இறங்கி நில்லு."

"விளையாடறியா? லாரி வர ரோடு இது."

"வண்டில குழந்தை இருக்கு, ஸ்தோய்கா."

போனை மேஜைமேல் வைத்த சத்தம் மட்டும் கேட்டது. தோமானியா ஸ்பீக்கரைப் போட்டாள். நால்வரும் அந்தச் சின்னப் பெட்டியைச் சுற்றி நின்று காற்றைக் கேட்டார்கள். ஒரு லாரி போனது. ஏதோ ஒரு கார். பிறகு ஒன்றுமில்லை. மிலிசாவின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. வேண்டுகிறாரா, போல்ட்டை எண்ணுகிறாரா என்று தெரியவில்லை.

தூரத்திலிருந்து ஸ்தோய்காவின் குரல்: "நீலக் கார் நிறைய வருதுடி, எல்லாத்தையும் நிறுத்தறேன்."

ஒரு ஆண் கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டு போனான். இன்னொரு லாரி. அப்புறம் நீளமான ஹாரன், டயர் உரசும் சத்தம். யாரோ ஓடி வந்து போனை எடுத்துக்கொண்டு போனார்கள்.

"அம்மா?" ஸ்தோய்கா கார் ஜன்னலில் நீட்டிய போனில் செங்கா கோபமாகக் கத்தினாள். "இந்தம்மா ரோட்டு நடுவுல முழு சீஸ் கட்டியைத் தூக்கிப் பிடிச்சு நின்னாங்க. இன்னும் கொஞ்சம்னா ஏத்தியிருப்பேன். என்ன நடக்குது?"

மிலிசாவ் போனை வாங்கிக்கொண்டார். "செங்கா, இறங்கு. முன்பக்கம், இடது சக்கரம். போல்ட்டை விரலால திருப்பிப் பாரு."

கார்க் கதவு திறக்கும் சத்தம், பிறகு காலடி.

"திரும்புது."

"எது?"

"எல்லாமே. ஒண்ணு இல்லவே இல்லப்பா." பிறகு மெல்ல, "பாலத்துலேருந்தே டொக் டொக்னு கேட்டுச்சு. டிக்கில இருக்கற தள்ளுவண்டி ஆடுதுன்னு நினைச்சேன்."

மிலிசாவ் புல்லில் கிடந்த டயர்மேல் உட்கார்ந்தார்.

"உன் வண்டி ஸ்பேனர்..." என்று தொடங்கியவர், அது டெசிமிரின் கையில் இருப்பதைக் கண்டு நிறுத்தினார். நல்லவேளை, ஸ்தோய்கா மறித்த வண்டிகளில் ஒரு ரொட்டி வேன் இன்னும் திட்டியபடி நின்றுகொண்டிருந்தது. அந்த ஓட்டுநர் ஸ்பேனரோடு இறங்கி வந்தார். "நகரும்மா, ஒரு நிமிஷ வேலை. மீதி மூணு தாங்கும். மெதுவாப் போய் மேல ஒண்ணு வாங்கிப் போட்டுக்க."

"ஸ்பேனரை என்கிட்ட குடுங்க" என்றாள் செங்கா.

"பழக்கம் உண்டா?"

"இல்ல. ஆனா இந்தத் தடவை யார் இறுக்கினதுன்னு எனக்குத் தெரியணும்."

முற்றத்தில் ஓப்ரென் தலை குனிந்தார்.

"முதல்ல எல்லாத்தையும் கையால உக்கார வை" என்றார் மிலிசாவ். "அப்புறம் மாத்தி மாத்தி இறுக்கு. ஒண்ணை மட்டும் முழுசா இறுக்கிடாதே."

"சரி. முதல் போல்ட்டு." இரும்பு முனகியது. "ரெண்டாவது. மூணாவது."

"மறுபடி ஒரு சுத்து."

"முதல் போல்ட்டு."

அவள் ஒவ்வொன்றையும் உரக்கச் சொன்னாள். மிலிசாவ் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார், அவள் பார்ப்பதுபோல.

"முடிஞ்சுது" என்றாள்.

தோமானியா போனுக்கு அருகில் குனிந்தாள். "மத்த மூணு சக்கரம்?"

"அதெல்லாம் நாங்க நல்லா..." மிலிசாவ் டெசிமிரைப் பார்த்தார், ஓப்ரெனைப் பார்த்தார். "அதையும் பாரு செங்கா. ஒண்ணு விடாம பாரு" என்றார்.

வூக்கன் விழித்து அழத் தொடங்கினான். ஸ்தோய்கா அவனைத் தூக்கிக்கொண்டதும், சரளையில் செங்காவின் காலடி பின்பக்கச் சக்கரத்தை நோக்கிப் போவதும் கேட்டது.

"முதல் போல்ட்டு" என்றாள்.