கானா ஊர்க் கல்யாணத்தில் யார் குறை?

அருமனை சபையில் பெண்களுக்கான வேதபாட வகுப்பு வியாழக்கிழமை மதியம் நடக்கும். மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் உண்டுவிட்டு வருகிற பெண்கள், பாயில் உட்கார்ந்ததுமே சுவரில் சாய்ந்துவிடுவார்கள்.

ஐம்பத்து மூன்றாம் வருஷம் அந்த வகுப்பு நேசம்மாள் தலையில் வந்து விழுந்தது. கல்யாணமாகி அந்த ஊருக்குப் புதிதாக வந்த பள்ளிக்கூட டீச்சர் அவள். போதகர் சுந்தரராஜ் கேட்டதால் மறுக்க முடியவில்லை. முதல் வகுப்பில் பவுலின் நிருபத்தை வசனம் வசனமாக விளக்கினாள். பாதியில் செல்லக்கனி குறட்டை விட்டாள். மற்றவர்களும் மெல்லக் கண்ணை மூடினார்கள்.

வீட்டுக்கு வந்து புருஷன் ஜெயசிங்கிடம் அழுதாள்.

"பள்ளிக்கூடத்துல பிள்ளையள் உறங்கினா நீ என்ன செய்வ?" என்றான் அவன்.

"கேள்வி கேப்பேன்."

"அங்கயும் கேளு."

அடுத்த வியாழக்கிழமை, இயேசு தண்ணீரைத் திராட்சரசமாக மாற்றிய கானா ஊர்க் கல்யாணத்தை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடினாள். விளக்கம் எதுவும் சொல்லவில்லை.

"கல்யாண வீட்டுல திராட்சரசம் தீந்து போச்சு. யாரு குறை?"

தங்கபாய் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஊரில் எந்தக் கல்யாணமானாலும் சமையலுக்கு மேல்பார்வை அவள்தான்.

"கலவறையில சாமானுக்குக் காவல் நின்னவனுக்க குறை. பந்தி தொடங்கும் முன்ன சாமானெல்லாம் ஒருக்கா பாக்கண்டாமா?"

"அவன் என்ன செய்வான்?" செல்லக்கனி கண்ணைத் திறந்துவிட்டாள். "ஆளு கூடுதலா வந்தா? எனக்க கல்யாணத்துல மாப்பிள வீட்டுக்காரங்க சொன்னதுக்கு ரெண்டு மடங்கு ஆளக் கூட்டிட்டு வந்தாவ. பாயசம் தீந்து போச்சு. எனக்க மாமி இன்னைக்கும் அதச் சொல்லியாக்கும் ஏசுவா."

"கானாவுல ஆரு ஆளக் கூட்டிட்டு வந்தா?" என்றாள் தங்கபாய்.

"இயேசு தனியாவா வந்தாரு? சீஷன்மாரையும் கூட்டிட்டுல்லா வந்தாரு!"

"ஏட்டி! அப்ப தீந்து போனதுக்குக் காரணமே..."

தங்கபாய் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு நொடி எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு யாரோ களுக்கென்று சிரிக்க, மடை உடைந்ததுபோல ஆயிற்று. செல்லக்கனி பாயில் சரிந்தே விட்டாள். நேசம்மாளுக்குச் சிரிப்பில் மூச்சு முட்டியது.

அப்போதுதான் வாசலில் நின்ற போதகரைப் பார்த்தாள். சிரிப்பு சட்டென்று நின்றது. வகுப்பு இன்றோடு போயிற்று என்று நினைத்தாள்.

போதகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் தோள் குலுங்கியது. "நான் எத்தனை தடவை இதப் பிரசங்கம் பண்ணியிருக்கேன்! இது எனக்குத் தோணலையே," என்று சொல்லிவிட்டு, பாயின் ஓரத்தில் அவரும் உட்கார்ந்துகொண்டார். "நீ நடத்தம்மா."

நேசம்மாளுக்குத் தைரியம் வந்தது. "சரி, ஆளக் கூட்டிட்டு வந்தவரு என்ன செய்தாரு?"

"குறைய அவரே தீத்தாரு," என்றாள் செல்லக்கனி. "கல்யாண வீட்டுக்காரங்க தலை குனியாம காப்பாத்தினாரு. எனக்க அப்பனுக்கு அன்னைக்கு அப்படி ஒருத்தரு இல்லாமப் போச்சு."

தங்கபாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையை விடாமலே கேட்டாள்: "டீச்சரே, ஒரு சம்சயம். தண்ணி எப்ப ரசமா மாறிச்சு? சாடியில கிடக்கும்போதா, கோரி எடுக்கும்போதா?"

நேசம்மாள் போதகரைப் பார்த்தாள். போதகர் கூரையைப் பார்த்தார். "தெரியாது," என்று இருவரும் ஒன்றாகச் சொன்னார்கள்.

அவ்வளவுதான், பெண்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். வகுப்பு முடிந்தும் ஒருவரும் எழவில்லை. எழுந்தவர்களும் ரப்பர் தோட்டத்து வழியெல்லாம் வாதாடிக்கொண்டே போனார்கள்.

மறுநாள் சந்தையில் தங்கபாய் கூட்டத்துக்கு மேலாகக் கூவினாள்: "டீச்சரே! சாடியிலதான்!"

குளச்சலிலிருந்து மீன் கொண்டு வந்தவள் என்ன விஷயம் என்று கேட்டாள். நேசம்மாள் சொன்னாள். அவள் மீனைக் கீழே வைத்து யோசித்தாள்.

"கோரும்போதுதான்! சாடியிலயே மாறியிருந்தா வீடு முழுக்க மணத்திருக்கும்லா? பந்தியில இருந்தவனெல்லாம் எழும்பி ஓடி வந்திருப்பானே!"

நேசம்மாள் சிரித்துச் சிரித்து நிற்க முடியாமல், மீன்காரியின் தோளைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.