சேர்த்துக் கட்டியவர் சொல்ல வேண்டிய வாக்கியம்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. எழுதச் சொன்னவர் என் அத்தான். அக்காவின் கணவர், சோப்புத் தொழிற்சாலையில் கேபிள் போடும் ஆட்களுக்கு மேற்பார்வையாளர். நான் எழுதிய எதையும் அவர் இதுவரை தலைப்பைத் தாண்டி வாசித்ததில்லை. போன ஞாயிற்றுக்கிழமை வந்து, ஸ்க்ரூ டிரைவர் இரவல் கேட்கிற குரலில் இதைக் கேட்டார்.

"ஒருத்தன் தன் தப்பை ஒத்துக்குற மாதிரி ஒரு கதை எழுதேன்டா."

"யாரு அது?"

"எவனோ ஒருத்தன். அவன் வாயைத் திறந்து சொன்னா எப்படி இருக்கும்னு பாக்கணும்."

அந்த எவனோ ஒருத்தன் யாரென்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை தேவைப்படவில்லை. இன்னும் இரண்டு கேள்வி கேட்டதும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அக்காவிடம் மூச்சு விடக் கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டார்.

2

முதல் தொடக்கம்: தொழிற்சாலைக் கூரைக்குக் கீழே கேபிள்கள் இரண்டு நதிகளைப் போல

(அத்தான் எட்டிப் பார்த்து, "ட்ரேக்குள்ள தண்ணி வந்தா உன் கதை அங்கயே முடிஞ்சுது" என்றார். நிறுத்திவிட்டேன்.)

இரண்டாம் தொடக்கம், நதி இல்லாமல்: கேபிள் ட்ரே என்பது உயரத்தில் சுவரோரமாக ஓடும் நீளமான இரும்புத் தட்டு. மோட்டாருக்கு மின்சாரம் கொண்டுபோகும் தடித்த பவர் கேபிள்களும், சோப்புக் கொப்பரையின் சூட்டைக் கன்ட்ரோல் ரூம் திரைக்குச் சொல்லும் மெல்லிய சிக்னல் கேபிள்களும் அதில் போகின்றன. இரண்டுக்கும் நடுவே இடைவெளி வேண்டும். ஒட்டிக் கிடந்தால் மோட்டார் ஓடும்போது பவர் கேபிளின் மின் இரைச்சல் பக்கத்துக் கேபிளில் ஏறிவிடும். கொப்பரையில் இல்லாத சூடு திரையில் தெரியும். இதைத் தன் ஆட்களுக்கு வாய் வலிக்கச் சொல்லிக் கொடுப்பவரே அத்தான்தான்.

முதலில் அவரும் இடைவெளி விட்டுத்தான் போட்டார். முதலாளிகள் பார்க்க வருவதற்கு முந்தின நாள் கீழே நின்று அண்ணாந்து பார்த்திருக்கிறார். ட்ரேயின் நடுவே அந்தக் காலியிடம் பல் விழுந்த வாய் மாதிரி இருந்ததாம். ஏணி போட்டு ஏறி, எல்லாக் கேபிளையும் ஒரே கற்றையாக்கி, சீப்பால் வாரியது போல நேராக்கி, டை என்கிற பிளாஸ்டிக் வார் போட்டு இறுக்கிவிட்டார். வந்தவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் போனதும் பிரித்துவிடலாம் என்றுதான் இருந்தார். அவ்வளவு லட்சணமாக இருப்பதைப் பிரிக்க மனசு வரவில்லை.

3

கன்ட்ரோல் ரூமில் அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவள் என் அக்கா.

(கதைக்கு இது கொஞ்சம் அதிகப்படியான தற்செயல். பக்கத்து வீட்டுப் பெண்ணாக மாற்றிப் பார்த்தேன். அத்தானுக்குத் தூக்கம் வந்துவிட்டது. அக்காவாகவே இருக்கட்டும்.)

கலக்கும் மோட்டார் ஓட ஆரம்பித்தால் சில சமயம் திரையில் சூடு எகிறுகிறது. கொப்பரை பொங்கினால் கீழே நிற்கிறவர்கள் மேல் கொட்டும். அதனால் அக்கா எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறாள். நிறுத்தினால் குழாய்க்குள் சோப்பு இறுகி அன்றைய வேலை பாழ். ஓடிப்போய்ப் பார்த்தால் கொப்பரை பரம சாதுவாக இருக்கிறது. வெப்பமானியை மாற்றிப் பார்த்தார்கள். கேபிளை யாரும் சந்தேகப்படவில்லை. அது அத்தான் போட்டது. மேலாளர் அக்காவுக்குப் பயந்தாங்கொள்ளி என்று பெயர் வைத்துவிட்டார். நாளைக் காலையில் விசாரணை. வேலை போய்விடும் என்றுதான் எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள்.

ஒருநாள் சாப்பிடும்போது அக்கா, "மோட்டார் ஓடுறப்பதாங்க அப்படிக் காட்டுது" என்றாளாம். அத்தானுக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. "இன்னும் கொஞ்சம் தண்ணி ஊத்து" என்றாராம்.

இங்கே எனக்கு என் கதாபாத்திரத்தின் மேல் கோபம் வருகிறது. எழுதுகிறவனுக்கு வருகிறதா, கூடப் பிறந்தவனுக்கு வருகிறதா என்று சொல்லத் தெரியவில்லை. கணவனும் மனைவியும்கூட இரண்டு கேபிள்கள்தான் என்று ஒரு வாக்கியம் கைவசம் வைத்திருந்தேன்.

"நாங்க கேபிள் இல்லடா" என்றார் அத்தான்.

எடுத்துவிட்டேன்.

4

அக்காவுக்குத் தனிப் பிரிவு. முந்தைய வரைவில் அவளையும் அத்தானையும் ஒரே பத்தியில் பேசவிட்டிருந்தேன். பார்க்க அழகாக இருந்தது, யார் என்ன சொல்கிறார்கள் என்பதுதான் புரியவில்லை. இந்தப் பிரிவை அத்தானிடம் காட்டப்போவதில்லை. உங்களுக்கு மட்டும்.

நேற்று அவள் வந்தாள். சத்தியமாவது ஒன்றாவது என்று நான் வாயைத் திறந்தேன்.

"தெரியும்டா" என்றாள். "அந்த ட்ரேக்குக் கீழதான தினம் நடந்து போறேன். எனக்கும் கண்ணு இருக்கு."

"அப்ப மேலாளர்கிட்ட சொல்ல வேண்டியதுதான?"

"சொல்லலாம். உடனே பிரிச்சுப் போட்டுடுவாங்க, என் வேலையும் தப்பிச்சிடும். ஆனா எனக்காக அவரு சொல்லியிருப்பாரா மாட்டாரான்னு சாகுற வரைக்கும் தெரியாமப் போயிடும். வேலை வேற தேடிக்கலாம்டா."

(அவள் இடத்துக்கு வருகிறவர், திரை பொய் சொல்கிறது என்று பழகிப்போய் நிறுத்தாமலே விட்டுவிடுவார். நிஜமாகப் பொங்குகிற அன்றைக்கும். அந்தக் கதையை நான் எழுத மாட்டேன்.)

5

முடிவுகள்.

அ) விசாரணை அறையில் அத்தான் எழுந்து உண்மையைச் சொல்கிறார். மேலாளர் கண் கலங்குகிறார். (மேலாளரை எனக்குத் தெரியும். நீக்கம்.)

ஆ) ஆளில்லாத நேரம் பார்த்து அத்தான் ஏறி, டைகளை வெட்டிக் கேபிள்களைப் பிரித்து வைக்கிறார். யாருக்கும் தெரியாது. திரை ஒழுங்காகிவிடும். அக்கா பயந்தாங்கொள்ளியாகவே

இ) அவர் சொல்கிறார், அவ்வளவுதான். யார் கண்ணும் கலங்கவில்லை.

மூன்றாவதை முழுதாக எழுதினேன். அவர் சொல்ல வேண்டிய அந்த வாக்கியத்தையும் எழுதினேன். நன்றாகவே வந்திருந்தது. இன்று சாயங்காலம் அத்தான் வந்து அதைப் படித்தார், நின்றபடியே, இரண்டு தடவை.

"சொல்லிட்டான்ல?" என்றார். "அப்பாடா."

முகம் அப்படியே தெளிந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், காப்பி கேட்டார், மழை வருமா என்று விசாரித்தார். வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்பிய மனிதர் போல இருந்தார். தாளை அவர் கையிலிருந்து வாங்கிக் கிழித்தேன்.

"டேய், என்னடா பண்ற?"

"அவன் இன்னும் சொல்லல அத்தான்."

காப்பி குடிக்காமல் போய்விட்டார்.

அதனால் இங்கே அந்த வாக்கியம் இருக்காது. அது என்னவென்று உங்களுக்குத் தெரியும். ஐந்தாறு சொற்களுக்கு மேல் இல்லை. உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இரக்கப்பட்டு நீங்களும் மனதுக்குள் அதை அவருக்காகச் சொல்லிவிடாதீர்கள். நாளைக்கு அந்த அறையில் அக்கா உட்கார்ந்திருப்பாள், அவர் வாயைப் பார்த்துக்கொண்டு.