பல்புக்குத் தொப்பி

கண் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த வெல்டருக்கு வலியைவிட வெளிச்சம்தான் பெரிய தொல்லையாக இருந்தது. கூடத்தின் நடுவில் வயரில் தொங்கிய வெறும் பல்பு, அவர் எந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாலும் கண்ணில் வந்து குத்தியது. ஆயுசில் பாதியை நெருப்புப் பொறிக்கு முன்னால் கழித்த மனிதர், சொந்த வீட்டு பல்புக்குப் பயந்து கறுப்புக் கண்ணாடியோடு சாப்பிட்டார்.

டாக்டர் சொல்லும்வரை பட்டறைப் பக்கமே தலைவைத்துப் படுக்கக்கூடாது என்று உத்தரவு. மனைவிக்குப் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜை வேலை. அவள் காலையில் கிளம்பிப் போனதும் வீடு அவரைப் பார்க்கும், அவர் வீட்டைப் பார்ப்பார். சும்மா இருக்கத் தெரியாத கை. ஆடாத நாற்காலியை இறுக்கினார். நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்த ஃபேனைக் கழற்றி மாட்டினார். அது அன்றிலிருந்து முனக ஆரம்பித்தது.

"நீங்க வீட்ல இருக்கிறது எனக்குச் சந்தோஷம்தான்," என்றாள் மனைவி. "ஆனா நல்லா இருக்கிற சாமானையெல்லாம் ரிப்பேர் பண்ணிட்டே இருந்தா நான் எங்க போறது?"

அந்தச் சமயத்தில்தான் அவள் தம்பி ஒரு சாக்கு மூட்டையோடு வந்து இறங்கினான். கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிப்பவன். கையில் இருக்கிற பிரஷ்ஷைவிட வாய் வேகமாக ஓடும். தலைமுடி அதைவிட வேகமாக ஓடிப்போயிருந்தது. அந்தப் பேச்சை எடுத்தால் மட்டும் ஆளுக்கு முகம் சுண்டிவிடும்.

"மாமா, ஒரு லாட்ஜ்ல வேலை நடக்குது. பழைய லேம்ப் ஷேடையெல்லாம் தூக்கிப் போடச் சொன்னாங்க. உங்க கண்ணுக்கு ஆகுமேன்னு அள்ளிட்டு வந்துட்டேன்."

மூட்டையை அவிழ்த்ததும் மூன்று பேருக்கும் தும்மல் வந்தது. துணி மஞ்சளேறி, கிழிந்து, கம்பிக்கூடு நெளிந்து, ஒவ்வொன்றும் புயலில் மாட்டிய குடை மாதிரி இருந்தது.

"என்னடா இது, பல்புக்குத் தொப்பியா?" என்றாள் அக்கா. "இதை மாட்டினா பல்பே வெக்கப்பட்டு அணைஞ்சிடும்."

வெல்டர் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "கம்பி நல்ல கம்பி. துணிதான் போச்சு," என்றார். அவ்வளவுதான், வேலை கிடைத்துவிட்டது.

நெளிவு எடுப்பது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதற்குப் பிறகுதான் வினை. மனைவி பழைய தலையணை உறை, திரைச்சீலையிலிருந்து பிரித்த லேஸ், சட்டைப் பொத்தான்கள், மிச்சம் கிடந்த உல்லன் நூல், ஒரு பாட்டில் கோந்து எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். இரும்பை இரும்போடு சேர்க்கத் தெரிந்த கைக்குத் துணியைத் துணியோடு சேர்க்க வரவில்லை. கோந்து விரலில் ஒட்டியது, மீசையில் ஒட்டியது. ஒட்ட வேண்டிய இடத்தில் மட்டும் ஒட்டவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டியபோது லேஸை அவசரமாக முதுகுக்குப் பின்னால் மறைத்தார். பேசிவிட்டு அவர் போன பிறகுதான், காதோரம் ஒரு ரோஜா நிற நூல் தொங்கிக்கொண்டிருந்தது தெரிந்தது.

துணி தொளதொளவென்று நிற்கிறதே என்று அடியில் செய்தித்தாளை ஒட்டி, அது காய்ந்து விறைத்ததும் மேலே துணியை இழுத்து ஒட்டினார். விளிம்பில் லேஸ், அதன்மேல் வரிசையாகப் பொத்தான்கள். மைத்துனன் வந்து பார்த்து, "சூடாகிற பல்பைப் போட்டீங்கன்னா பேப்பர் கருகிடும் மாமா," என்று சொல்லி, சூடாகாத எல்இடி பல்பு ஒன்றை வாங்கி வந்து மாட்டினான். பல்புக்கும் ஷேடுக்கும் நடுவே நல்ல இடைவெளி விட்டுக் கட்டினான்.

சாயங்காலம் மனைவி வந்ததும் திறப்பு விழா. மைத்துனன் விளக்குக்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான். வெல்டர் சுவிட்சைத் தட்டினார்.

வெளிச்சம் இதமாக இறங்கியது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார், கண் கூசவில்லை. ஆனால் துணிக்குள்ளிருந்து பெரிய எழுத்துகள் எட்டிப்பார்த்தன: வழுக்கையா? கவலையை விடுங்கள்!

அதன் கீழே மைத்துனனின் தலை பளபளத்தது.

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "எல்லாரும் ஏன் என் தலைக்கு மேலயே பாக்கறீங்க?" என்று அவன் எழுந்து அண்ணாந்து படித்தான். முகம் மாறியது. வெல்டர் அவசரமாக அவன் பக்கம் வந்தார்.

"மாப்ள, சத்தியமா நான் பாத்து ஒட்டல..."

அவன் விளக்கை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். "ஏன் மாமா, போன் நம்பரை மட்டும் பொத்தான் வச்சு மறைச்சிருக்கீங்க? முக்கியமான இடமே அதுதானே!"

மனைவி தரையில் உட்கார்ந்து சிரித்தாள். வெல்டருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. "கண்ணைக் கசக்காதீங்க, கசக்காதீங்க!" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

மறுநாள் காலை அவர் அந்த ஷேடையே பார்த்துக்கொண்டிருந்தார். பகலில் வெறும் வெள்ளைத் துணி, எழுத்து இருப்பதே தெரியவில்லை. விளக்கைப் போட்டால்தான் உள்ளே இருப்பது வெளியே வருகிறது. அப்படியானால் வேண்டியதை உள்ளே வைக்கலாமே?

அடுத்த ஷேடுக்கு வெள்ளைத் தாளை ஒட்டி, கறுப்பு அட்டையில் உருவங்கள் வெட்டி, தாளுக்கும் துணிக்கும் நடுவே வைத்தார். முதலில் வெட்டிய பறவை விளக்கைப் போட்டதும் ஒற்றைச் செருப்பாகத் தெரிந்தது. பிய்த்துவிட்டு மறுபடி வெட்டினார். இலை வந்தது. பிறகு சக்கரம் வந்தது. சக்கரம் வந்ததும் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

மனைவி திரும்பி வந்தபோது கூடம் இருட்டிக்கொண்டிருந்தது. "இன்னொண்ணு முடிச்சாச்சா? நல்லா இருக்கே, சாதாரணமா," என்றாள். அவர் சுவிட்சைப் போட்டார்.

துணியில் ஒரு சைக்கிள் எழுந்தது. மிதிப்பவன் குனிந்திருந்தான். பின்னால் ஒருத்தி ஒரு கையில் சாப்பாட்டுப் பையும் மறு கையில் அவன் சட்டையுமாக உட்கார்ந்திருந்தாள். கல்யாணமான புதிதில் அவளை வேலைக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் அவர் பட்டறைக்குப் போவார்.

அவள் வெகுநேரம் நின்று பார்த்தாள். "பின்னாடி யாரு, இவ்வளவு ஒல்லியா?"

"நீதான். அப்போ."

"இப்போ?"

"இப்போன்னா அட்டை பத்தாது."

பையால் அவர் தோளில் ஒன்று வைத்தாள். பிறகு, "ஒரு தடவை அணைச்சுட்டுப் போடுங்க," என்றாள். அணைத்துப் போட்டார். "இன்னொரு தடவை."

அவர்கள் சாப்பிடும்போது விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. தட்டைக் கழுவி வைத்தவள் மூட்டையைத் துழாவி, இருப்பதிலேயே நெளிந்த ஷேடை எடுத்துக்கொண்டாள். அடுத்ததைத் தொடங்க உட்கார்ந்தவர் கையிலிருந்து கோந்து பாட்டிலையும் கத்தரிக்கோலையும் பிடுங்கினாள்.

"இது என்னுது. முடிக்கிறவரைக்கும் நீங்க எட்டிப் பாக்கக்கூடாது."

"கம்பியையாவது நிமித்திக் குடுக்கறேனே?"

"சரி, அதை மட்டும் பண்ணிக் குடுத்துட்டு உள்ள போங்க."

வெல்டர் கம்பியை நிமிர்த்திக் கொடுத்துவிட்டு, நல்ல பிள்ளையாக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.