தைத்த தாள், ஒட்டிய தாள்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். அன்று அதற்குக் காரணமும் இருந்தது. மலைச்சரிவில் முளைக்கும் இரண்டு காட்டுப் புற்களும் ஒன்றேதான், இரண்டாவது பெயரை எடுத்துவிடலாம் என்று பத்து வருடமாகச் சொல்லி வருகிறேன். அதை நிரூபிக்கும் கட்டுரையை மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். படம் எடுக்கலாமென்று தாவரக் காப்பகத்தில் காய்ந்த புல் பதித்து வைத்த நாற்பது தாள்களை மேசையில் பரப்பினால், பாதிப் புல் பசையால் ஒட்டியிருக்கிறது, மீதி நூலால் தைத்திருக்கிறது!

தாள்களைத் தயார் செய்பவர் என் ஓரகத்தி. வீட்டில் அவர் மூத்தவர். இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவள் நான் என்பதால் இங்கே எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்.

"என்னக்கா இது, ஏனோதானோன்னு? எல்லாத்தையும் ஒரே மாதிரி ஒட்டக் கூடாதா?"

"ஒட்டினா நிக்க மாட்டேங்குதே. இந்தப் புல்லோட கதிர் மீசைல பசை ஈரம் பட்டதும் முறுக்கு அவிழ்ந்து சுத்த ஆரம்பிச்சுடுது. தாளை விட்டே எழுந்துக்கும். அதான் தைச்சேன். அந்தப் புல்லு சாது, சொன்னபடி படுத்துக்கும்."

அவர் கைக்கு வரும்போது புல்லோடு எண் மட்டும்தான் இருக்கும்; பெயர்ச்சீட்டைப் பிறகு வேறொருவர் ஒட்டுவார். சீட்டுகளைப் பார்த்தேன். தைத்தவை அத்தனையும், நான் எடுத்துவிடச் சொன்ன பெயர்.

விடுவேனா? தாள்களோடு இருந்த உறைகளில் மிஞ்சியிருந்த கதிர்களில் பன்னிரண்டை எண் தெரியாமல் அவர் முன் வைத்து, தண்ணீர் சொட்டிப் பார்க்கச் சொன்னேன். அவர் தண்ணீரைத் தொடவே இல்லை. மீசையை விரல்களுக்கிடையே உருட்டி, ஏழை இந்தப் பக்கமும் ஐந்தை அந்தப் பக்கமும் வைத்தார். பிறகு நானே சொட்டினேன். ஏழும் சுழன்று எழுந்தன. ஐந்தும் அசையவில்லை. எண்களைப் பார்த்தால், ஏழும் நான் எடுத்துவிடச் சொன்ன அதே பெயர்.

அந்த முறுக்கை நானும் பார்த்திருக்கிறேன். காய்ந்ததால் வந்த சுருக்கம் என்று ஒதுக்கிவிட்டேன். அவமானமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த விரல்களை விட்டு என் கண் நகரவில்லை. என்ன கை அது!

"இவ்வளவு நாளா ஏன்க்கா சொல்லல?"

"உனக்குத் தெரியாதது எனக்கென்ன தெரியப் போகுதுன்னு இருந்துட்டேன்."

ஐந்து மணிக்குக் கட்டுரை போகவில்லை. பத்திரிகை ஆசிரியருக்கு ஒரு கடிதம்தான் போனது. இரண்டு புல்லும் வேறு வேறு, பத்து வருடமாக நான் சொன்னது தவறு, கட்டுரையைப் புதிதாக எழுதுகிறோம், அதில் முதல் பெயர் என் ஓரகத்தியுடையது.