அசுவினி பிறக்கட்டும்

ருக்கு அத்தை வலி வந்தால் கத்த மாட்டாள். கைக்கு எட்டியதைப் பிடித்துக்கொள்வாள். கட்டில் சட்டம், போர்வை, சில சமயம் என் பின்னல். அன்று காலை பின்னல்தான் அகப்பட்டது. மதராஸ் மெயில் ஒக்கலிபுரத்தைத் தாண்டி ஸ்டேஷனுக்குள் போய் நிற்கும் வரை அவள் விடவில்லை. நான் குனிந்தபடியே நின்றேன்.

"உனக்கு மொட்டை அடிச்சுட்டுத்தான் போவேன் போலிருக்குடி," என்றாள் வலி இறங்கியதும். "எனக்கு அடிக்க வந்தவாளையெல்லாம் விரட்டினேன். அந்தப் பாக்கி உன் தலையில விடியறது."

அத்தை அப்பாவுக்கு அக்கா. இருபது வயதில் புருஷன் போய்விட்டார். தலைமுடியை எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு டைப் படித்து, கோர்ட் இருந்த அட்டாரா கச்சேரிப் பக்கம் ஒரு வக்கீலின் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தாள். ஐம்பத்து மூன்றாம் வருஷம் வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது, அறுத்து எடுக்கிற கட்டம் தாண்டியிருந்தது.

அவளைப் பார்த்துக்கொள்ள நான் இருந்தேன். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பாடம் ஒப்பிக்கச் சொன்னபோது நாக்கு ஒட்டிக்கொண்டு மயங்கி விழுந்தேன். அதற்கப்புறம் போகவில்லை. வெளி மனிதர் வந்தால் திரைச்சீலைக்குப் பின்னால் போய்விடுவேன். அத்தை எனக்கு வைத்த பெயர் மௌனகுரு.

டாக்டர் ஹெர்பர்ட் காக்ஸ் டவுனிலிருந்து தன் பழைய மோரிஸ் காரில் வந்தார். அத்தை அப்போதுதான் களைத்துக் கண்ணை மூடியிருந்தாள். இரண்டு தரம் கூப்பிட்டும் பதில் சொல்லவில்லை. நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கூடத்துக்கு வந்தார்.

"மார்ஃபியா கொண்டாந்திருக்கேன் சார். போட்டா வலி தெரியாது, தூங்குவாங்க. ஆனா உங்ககிட்ட மறைக்கக் கூடாது. ஒடம்புல ஒண்ணும் மிச்சமில்ல. தூக்கத்துலயே மூச்சு அடங்கினாலும் அடங்கலாம்."

அப்பாவின் கையில் பஞ்சாங்கம் இருந்தது.

"நாளைக்கு சாயங்காலம் அசுவினி பிறந்துடும் டாக்டர். அதுவரைக்கும் கோராமின் ஏதாவது போட்டு நிறுத்தி வைக்க முடியுமா?"

"எதுக்கு சார்?"

"இப்ப நடக்கறது அடைப்பு நட்சத்திரம். இதுல உயிர் போனா அந்த இடத்தை ஆறு மாசம் பூட்டி வைக்கணும். பிரேதத்தை வாசல் வழியா எடுக்கக் கூடாது. அதோட..." அப்பா நிறுத்திக்கொண்டார். "வீட்டுக்காரர் கோவிந்தப்பாவும் நேத்து வந்து, 'ஏன் சுவாமி, அக்கா ஹேகித்தாரே'ன்னு ரொம்ப மரியாதையா விசாரிச்சுட்டுப் போனார். அவர் வீட்டுலயும் பஞ்சாங்கம் இருக்கு."

டாக்டர் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார்.

"சர்ச்சுலேர்ந்து ஃபாதர் வந்து கடைசி எண்ணெய் பூசாம போயிடக் கூடாதுன்னு எங்க அம்மாவை நானும் ஊசி போட்டுப் பிடிச்சு வெச்சேன் சார். உங்களைக் குத்தம் சொல்ல எனக்கு வாயில்ல. ஆனா உயிரை இழுத்துப் பிடிச்சா வலியையும் சேர்த்துத்தான் பிடிக்கணும். அவங்களைக் கேட்டீங்களா?"

"அவளுக்கு நினைவே இல்லை."

திரைச்சீலைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். சற்று முன்புதான் அவள் எனக்கு மொட்டை அடிப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா பொய் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை.

"நினைவில்லன்னா நீங்க சொல்றதுதான்," என்றார் டாக்டர். கோராமின் போட்டுவிட்டுப் போனார்.

அந்த ஊசி அத்தையைத் தூங்கவிடவில்லை. கண்கள் பளபளவென்று விழித்திருந்தன. மத்தியானம் என் பின்னலைப் பிடித்து முகத்தைத் தன் வாயருகே இழுத்தாள்.

"தூங்கற ஊசி கொண்டுவந்தாரே, ஏன் போடலை? காதுல விழுந்துது எனக்கு. வாயைத் திறக்கத்தான் தெம்பு இல்லை." மூச்சு வாங்கிக்கொண்டாள். "சாகறதுக்குக்கூட லீவ் லெட்டர் குடுத்து சாங்ஷன் ஆகணுமா? நீ சொல்லுடி. உன்னைத் தவிர இந்தப் பக்கம் யாரும் வரதில்லை."

சொல்கிறேன் என்று தலையாட்டினேன். வென்னீர் எடுக்க அடுக்களைப் பக்கம் போனேன். உள்ளே அம்மா அழுதுகொண்டிருந்தாள்.

"பாவம்னா, பாக்க முடியலை. அந்த ஊசியைப் போடச் சொல்லிடுங்கோ. வீடு போனா போறது. நீலசந்திராவுல குச்சு வீடு கிடைக்காதா என்ன?"

"வீட்டுக்கா பயப்படறேன் ஜகதா?" அப்பாவின் குரல் எனக்கு அடையாளம் தெரியாத மாதிரி இருந்தது. "எங்கப்பா சதயத்துல போனார். அடைப்பு முடியறதுக்குள்ள நாணு போனான். நன்னா விளையாடிண்டிருந்த குழந்தை. அவனுக்கு ஜன்ம நட்சத்திரம் சதயம். இப்ப வரது ரேவதி. கோமுவுக்கு என்ன நட்சத்திரம்னு நான் உனக்குச் சொல்லணுமா?"

கோமு நான்தான். நான் பிறந்தது ரேவதியில்.

வென்னீர் எடுக்காமல் திரும்பி நடந்தேன். கிணற்றடியில் போய் உட்கார்ந்தேன். நாணு சித்தப்பாவின் போட்டோ எங்கள் கூடத்தில் இருக்கிறது. கையில் பந்தோடு, கால்சட்டை போட்டுக்கொண்டு சிரித்தபடி நிற்கிறான். தனக்கு என்ன வரப்போகிறது என்று அவனுக்குத் தெரிந்திருக்காது. எனக்குத் தெரிகிறது. கையைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளங்கை வெளுத்திருந்த மாதிரி இருந்தது. நாளைச் சாயங்காலம்தானே, அதுவரை அத்தை பொறுத்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். நன்றாகவே நினைத்தேன்.

அத்தை கட்டில் சட்டத்தைத் தட்டுகிற சத்தம் கிணற்றடி வரை கேட்டது. காதைப் பொத்திக்கொண்டேன். கையை எடுத்தபோதும் தட்டிக்கொண்டிருந்தாள்.

இருட்டுவதற்கு முன் டாக்டர் வந்தார்.

"அப்படியேதான் இருக்கா," என்றார் அப்பா. "நினைவில்லை. கோராமினே போட்டுடுங்கோ."

டாக்டர் பையைத் திறந்தார். கண்ணாடிக் குப்பியின் கழுத்தை அறுக்கச் சின்ன அரத்தை எடுத்தார். நான் திரைச்சீலையை விட்டு வெளியே வந்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தரை சாய்கிற மாதிரி இருந்தது. கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"நினைவு இருக்கு."

"கோமு, உள்ளே போ."

"அத்தைக்கு நினைவு இருக்கு. தூங்கற ஊசி கேக்கறா."

"உனக்கு ஒண்ணும் தெரியாது. போடி உள்ளே."

"தெரியும்பா. என் நட்சத்திரம் எனக்குத் தெரியும்."

டாக்டர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு நேரே உள்ளே போய்க் கட்டிலருகே மண்டியிட்டார்.

"அம்மா, நான் பேசறது கேக்குதா? மார்ஃபியா போடட்டுமா? திரும்பக் கண் முழிக்காம போனாலும் போகலாம்."

"போடுங்கோ," என்றாள் அத்தை, அப்பா பக்கம் கண்ணைத் திருப்பி. "ஹெட் கிளார்க் சம்மதிச்சுட்டாரா?"

ஊசி ஏறியது. என் பின்னலைப் பிடித்திருந்த கை கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து, போர்வை மேல் விழுந்தது. அப்பா நிலைப்படியில் நின்றிருந்தார். அவர் பார்த்தது அத்தையை இல்லை.

மறுநாள் மத்தியானம் ரேவதியில் அத்தை போனாள். முகம் சுளிக்கவில்லை. கோவிந்தப்பா கடப்பாரையைக் கொண்டுவந்து கொடுத்தார். அறையின் பின்சுவரை இடித்து அந்த வழியாக எடுத்துப் போனார்கள். வீட்டை விடவேண்டாம், அந்த அறையை மட்டும் அடைத்தால் போதும் என்று அவரே சொன்னார். தகனம் முடிந்த அன்று, அதைப் பண்ணிவைத்த வாத்தியார் ஒன்று சொல்லிவிட்டுப் போனார். அடைப்பு முடியும் வரை தினம் சாயங்காலம் யாராவது உள்ளே போய் விளக்கேற்றி, ஒரு சொம்புத் தண்ணீர் வைத்துவிட்டு வரவேண்டும்.

"நான் பண்றேன்," என்றார் அப்பா. அம்மா, தான் பண்ணுவதாகச் சொன்னாள். நான் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டேன்.

உள்ளே கட்டில் இல்லை. இடித்த சுவரை மண் வைத்து அடைத்திருந்தார்கள், ஈரம் காயவில்லை. மருந்து வாசனை அப்படியே இருந்தது. முதல் குச்சி அணைந்தது. இரண்டாவதும் அணைந்தது. என் முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. மூன்றாவது குச்சியில் திரி பிடித்துக்கொண்டது.

அப்பா நிலைப்படிக்கு வெளியே நின்று என் தாவணி முனையைக் கையில் சுற்றிப் பிடித்திருந்தார். இழுக்கவும் இல்லை, விடவும் இல்லை. எனக்குப் பயமாகத்தான் இருந்தது. சொம்பை விளக்கருகே வைத்தேன். தண்ணீர் ஆடி நிற்கும் வரை அங்கேயே இருந்தேன்.